குறைகுடம் கூத்தாடும்: டாங்கி லோரி ஓட்டுபவரும் அதன் பக்கத்தில் போகிறவரும் அறிய வேண்டியவை

ஜார்ஜ்டவுன்: காண்டா வாளி தூக்கிய கைகள் இன்னும் நம் குடும்பங்களில் இருக்கின்றன. தோளில் ஒரு கம்பு, அதன் இரு முனையிலும் ரப்பர் பால் வாளிகள். மேடும் பள்ளமுமான நிரையில் நடந்து பால் கொட்டகை வரை கொண்டுபோக வேண்டும். வேகமாக நடந்தால் வாளிப் பால் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கும், கம்பு தோளில் துள்ளும். சட்டென்று நின்றால் கால் நின்றுவிடும், வாளி நிற்காது. ஆளை முன்னே தள்ளும். அதனால்தான் பழகியவர்கள் சின்னச் சின்ன அடியாக, ஒரே சீராக நடந்தார்கள். பினாங்கின் நாசி கண்டாருக்குப் பெயர் வந்ததும் இதே தோள்கம்பிலிருந்துதான். சோற்றையும் கறிச்சட்டியையும் சுமந்து தெருத்தெருவாக விற்ற தமிழ் முஸ்லிம் வணிகர்களுக்கும் குழம்பு சிந்தாமல் நடக்கும் கலை தெரிந்திருக்க வேண்டும்.

அந்த இரண்டு வாளிக்குப் பதில் முப்பதாயிரம் லிட்டர். தோளுக்குப் பதில் பதினெட்டு, இருபத்திரண்டு சக்கரம். டாங்கி லோரியின் கதை இவ்வளவுதான். பிறையிலும் பட்டர்வொர்த்திலும் நாள் முழுக்க இவை ஓடுகின்றன. ஆலைகளிலிருந்து கச்சா செம்பனை எண்ணெய், சுத்திகரித்த சமையல் எண்ணெய், பெட்ரோல், டீசல், சமையல் எரிவாயு, தொழிற்சாலைகளுக்கான அமிலமும் காரமும், ரப்பர் பால், கழிவுநீர் எல்லாம் இவற்றில்தான் போகின்றன. தோட்டங்கள் துண்டாடப்பட்ட பிறகு பட்டணத்துக்கு வந்த நம் இளைஞர்களில் பலர் ஏறி உட்கார்ந்தது லோரி இருக்கையில். அவர்களில் ஒரு பகுதியினர் இழுப்பது டாங்கி. ஆனாலும் இந்தச் சுமை மற்ற சுமைகளைப் போன்றதல்ல என்பது ஓட்டுபவரின் வீட்டாருக்கே முழுதாகத் தெரிவதில்லை.

தமிழ் படித்தவன் என்பதால் ஒரு சொல்லைச் சொல்லிவிட்டுப் போகிறேன். விளிம்பு வரை நிறைந்து வழியப் பார்ப்பது ததும்பல். உள்ளுக்குள்ளேயே ஆடி அலைவது தளும்பல். நிறைகுடம் தளும்பாது, குறைகுடம் கூத்தாடும் என்று ஆளின் குணத்துக்குச் சொல்லி வைத்தார்கள். டாங்கி லோரியில் அது குணத்தைப் பற்றிய பழமொழி அல்ல, இயற்பியல்.

நின்ற பிறகும் நிற்காத சுமை

மரக்கட்டையையோ சிமெண்ட் மூட்டையையோ கட்டி வைத்தால் அது வண்டியோடு சேர்ந்து நிற்கும். நீர்மம் அப்படியில்லை. பிரேக்கை மிதித்தவுடன் டாங்கிக்குள் இருப்பது முன்சுவரை நோக்கி ஓடி மோதுகிறது. மோதித் திரும்பிப் பின்சுவரை அடிக்கிறது, மறுபடியும் முன்னே வருகிறது. சிவப்பு விளக்கில் வண்டி நின்றுவிட்டது என்று பிரேக்கைத் தளர்த்தும் நேரத்தில்தான் முதல் அலை வந்து சேரும். சாலை ஈரமாக இருந்தால், நின்ற வண்டியையே சந்திப்புக்குள் தள்ளிவிடும் வலிமை அதற்கு உண்டு. ஆகவே டாங்கி ஓட்டுபவர் பிரேக்கை ஒரே அழுத்தத்தில் வைத்திருக்க வேண்டும், வண்டி நின்றதும் உடனே காலை எடுக்கக் கூடாது. கிளம்பும்போதும் அப்படித்தான். வெடுக்கென்று கிளட்சை விட்டால் அலை பின்னால் போய் இழுக்கும்.

இதைக் குறைக்கத்தான் பல டாங்கிகளுக்குள் குறுக்கே தடுப்புத் தகடுகள் வைக்கிறார்கள். தகட்டில் ஓட்டைகள் இருக்கும். நீர்மம் அவற்றின் வழியே மெல்லக் கசிந்து போகுமே தவிர ஒரே பாய்ச்சலாக ஓட முடியாது. பெட்ரோல் லோரிகளில் இன்னும் ஒரு படி மேலே போய் முழுச் சுவர் வைத்துத் தனித்தனி அறைகளாகவே பிரித்துவிடுகிறார்கள். பால், சமையல் எண்ணெய் போன்ற உணவுப் பொருள்களை ஏற்றும் டாங்கிகளிலோ பெரும்பாலும் தகடே இருக்காது. தகட்டின் இடுக்கில் பழைய பால் தங்கினால் கழுவி எடுக்க முடியாது என்பதே காரணம். எனவே, எரியாத பாலை ஏற்றிய வண்டிதான் ஓட்டுவதற்கு மிகவும் முரடானது. பெட்ரோல் லோரி ஓட்டியவர் பால் லோரிக்கு மாறும்போது இதை யாராவது சொல்லிக் கொடுத்தாக வேண்டும்.

தகடு காப்பது முன்பின் அலையிலிருந்து மட்டும்தான். பக்கவாட்டு அலைக்கு அதனால் பயன் இல்லை. வண்டியைக் கவிழ்ப்பது அந்தப் பக்கவாட்டு அலைதான்.

வளைவில் பத்து கிலோமீட்டர்

ஒரு சின்னக் கணக்கு. நெடுஞ்சாலையிலிருந்து இறங்கும் சுற்றுப்பாதையின் வளைவு ஆரம் 60 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 40 கிலோமீட்டரில் போனால் வண்டியை வெளிப்பக்கமாகத் தள்ளும் விசை அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு. 50 கிலோமீட்டரில் போனால் மூன்றில் ஒரு பங்கு. சாதாரணக் கார் கவிழ வேண்டுமென்றால் அதன் எடைக்குச் சமமான அல்லது அதற்கும் மேலான விசை வேண்டும். அதற்கு முன்பே டயர் வழுக்கிவிடும். நிறைந்த டாங்கி டிரெய்லருக்கு மூன்றில் ஒரு பங்கே போதும், உள்பக்கச் சக்கரங்கள் தரையைவிட்டு எழும்பிவிடும். அரைகுறையாக நிரப்பியிருந்தால் அதுகூட வேண்டாம். ஏனெனில் நீர்மமே வெளிப்பக்கச் சுவரில் ஏறி உட்கார்ந்துகொண்டு எடையின் மையத்தை நகர்த்திவிடுகிறது. 40க்கும் 50க்கும் நடுவே உள்ள அந்தப் பத்து கிலோமீட்டரை ஓட்டுபவரின் இருக்கையில் உணரவே முடியாது. பின்னால் டிரெய்லர் சாயத் தொடங்கியதும் பிரைம் மூவருக்குள் உடனே தெரிவதில்லை. தெரியும்போது நேரம் கடந்திருக்கும்.

மஞ்சள் பலகையில் எழுதிய வேகம் கார்களை மனத்தில் வைத்தது. டாங்கிக்கு அதற்கும் கீழே போக வேண்டும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவுக்குள் பிரேக்கைத் தொடாமல் இலேசான எஞ்சின் இழுவையோடு கடப்பதே முறை.

நேர்ச்சாலையில் என்ன ஆபத்து என்று கேட்கலாம். அமெரிக்கப் போக்குவரத்துத் துறை டாங்கி லோரிகள் கவிழ்ந்த விபத்துகளை அலசியபோது, பாதிக்கு மேற்பட்டவை நேர்ச்சாலையில் நடந்திருந்தன. ஏறி இறங்கும் சுற்றுப்பாதைகளில் நடந்தவை சிறு பங்கே. கவிழ்ந்தவற்றில் பெரும்பாலானவை பாதிச் சுமை ஏற்றியவை. ஓட்டியவர்களில் பெரும்பாலோர் பத்தாண்டுக்கு மேல் அனுபவம் உள்ளவர்கள். முன்னே மோட்டார் சைக்கிள் குறுக்கிட்டதும் ஸ்டியரிங்கை வெட்டித் திருப்பி, உடனே மறுபக்கம் வெட்டுவதும் வண்டியைக் கவிழ்க்கும். பாதி நிறைந்த டாங்கியின் குறுக்கே நீர்மம் ஒருமுறை போய்த் திரும்ப ஏறத்தாழ இரண்டு விநாடி ஆகும். அவசரமாக வெட்டி மறுபடி வெட்டும் நேரமும் அவ்வளவுதான். இரண்டும் ஒத்துப்போகும்போது, ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளியது போல ஆகிவிடுகிறது. தோட்டத்துச் செம்மண் சாலையில் டிரெய்லரின் பின்சக்கரம் ஓரத்து மென்மண்ணில் இறங்கும்போதும் இதே தவறு நடக்கிறது. பதறித் தூக்கித் திருப்புவதைவிட, வேகத்தைக் குறைத்துக்கொண்டு அப்படியே நேராகப் போய்ப் பிறகு மெல்ல ஏறுவது உயிரைக் காக்கும்.

காலி டாங்கி பாதுகாப்பானது என்று நினைப்பதும் தவறு. பாரம் இல்லாத டயருக்குச் சாலையில் பிடிமானம் குறைவு. நிறைந்த வண்டியைவிடக் காலி வண்டி நிற்க அதிக தூரம் எடுத்துக்கொள்ளலாம். 13.5 கிலோமீட்டர் நீளமுள்ள முதல் பாலத்திலும் 24 கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டாவது பாலத்திலும் கடல்காற்று அடிக்கும் நாளில், காலியாகத் திரும்புகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

இறக்கங்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஈப்போவிலிருந்து வடக்கே வருபவர்களுக்கு மெனோரா சுரங்கப்பாதைப் பகுதியும், தீவில் பாலிக் புலாவுக்கு இறங்கும் துன் சர்டோன் சாலையும் தெரிந்தவைதான். ஏறிய கியரிலேயே இறங்குங்கள், எஞ்சின் பிரேக்கை நம்புங்கள். கால் பிரேக்கை விடாமல் மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும்.

கடந்த 2025 மே 13 அன்று தெலுக் இந்தானில் கல் ஏற்றிய லோரி மோதிக் கலகத் தடுப்புப் போலீஸார் 9 பேர் இறந்த பிறகு, கனரக வண்டிகளின் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியை அரசாங்கம் அக்டோபர் முதல் கட்டம் கட்டமாக நடைமுறைக்குக் கொண்டு வந்தது. நல்லதே. ஆனால் அந்தக் கருவி காப்பது நெடுஞ்சாலையின் உச்ச வேகத்திலிருந்து மட்டும். மேலே சொன்ன 60 மீட்டர் வளைவைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

எவ்வளவு நிரப்புவது?

அப்படியானால் டாங்கியை வாய் வரை நிரப்பிவிட்டால் தளும்பாதே என்று தோன்றும். அதுவும் கூடாது. வெயிலில் நீர்மம் விரியும். பெட்ரோல் ஒரு பாகை செல்சியஸ் கூடினால் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவு விரிகிறது. 30,000 லிட்டர் ஏற்றிய வண்டி விடியலிலிருந்து நண்பகலுக்குள் 10 பாகை சூடேறினால் ஏறத்தாழ 300 லிட்டர் கூடுதல் இடம் வேண்டும். இடம் இல்லையென்றால் மூடி வழியே வழியும், அல்லது டாங்கியே அழுத்தம் தாங்காமல் போகும். 1978 ஜூலை 11 அன்று ஸ்பெயினில் லோஸ் அல்ஃபாகஸ் கடற்கரை முகாமருகே புரோப்பிலீன் ஏற்றிய டாங்கி லோரி வெடித்து 200க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த டாங்கியில் அளவுக்கு மீறி ஏற்றியிருந்தார்கள். அழுத்தத்தை வெளியேற்றும் வால்வும் அதில் இல்லை.

மறுபுறம் எடைக் கணக்கு. 10,000 லிட்டர் தண்ணீர் 10 டன். அதே அளவு பெட்ரோல் சுமார் ஏழரை டன்தான், செம்பனை எண்ணெய் சுமார் 9 டன். அடர் கந்தக அமிலமோ 18 டன்னைத் தாண்டும். பெட்ரோலுக்குச் செய்த பெரிய டாங்கியில் அமிலத்தை ஏற்றினால், அது பாதி நிறைவதற்குள் சட்டம் அனுமதிக்கும் எடை முடிந்துவிடும். மீதிப் பாதி வெற்றிடம், அதாவது கூத்தாடும் குறைகுடம். அதனால்தான் அமில டாங்கிகள் பார்ப்பதற்குச் சிறியவை. ஐரோப்பாவின் ஆபத்துப் பொருள் போக்குவரத்து விதி இதை எண்ணிலேயே கட்டிவிட்டது. டாங்கியை 7,500 லிட்டருக்கு மேற்படாத பகுதிகளாகப் பிரிக்கவில்லை என்றால் 80 விழுக்காட்டுக்குக் குறையாமல் நிரப்பு, அல்லது 20 விழுக்காட்டுக்கு மேல் நிரப்பாதே என்கிறது அது. நடுவில் உள்ளதுதான் மோசமான இடம்.

மூன்று எண்ணெய் நிலையங்களுக்கு ஒரே நடையில் பெட்ரோல் இறக்குகிறவர் இந்த நடுப்பகுதியைத் தவிர்க்க முடியாது. அவர் செய்யக்கூடியது, ஓர் அறையைப் பாதியில் நிறுத்தாமல் முழுதாகக் காலி செய்வது. எந்த அறை முதலில் என்பதையும் கிளம்பும் முன்பே முடிவு செய்ய வேண்டும். முன் அறைகள் காலியாகிப் பின் அறைகள் மட்டும் நிறைந்திருந்தால், இழுக்கும் சக்கரங்களில் பாரம் குறைந்து மழையில் வண்டி வழுக்கும்.

செம்பனை எண்ணெய்க்கு இன்னொரு தொல்லை உண்டு. ஆறினால் உறையும். சூடாக ஏற்றி, உறைவதற்குள் இறக்க வேண்டும் என்ற அவசரம் டிரைவரின் தலையில் விழுகிறது. நடைக்கணக்கில் காசு என்றால் அந்த அவசரம் இரட்டிப்பாகும். ஒரு நாளைக்கு ஐந்து நடை ஓடினால்தான் வீட்டு வாடகை கட்ட முடியும் என்ற நிலையில் இருப்பவரிடம் வளைவில் 30இல் போ என்று சொல்வது எளிது. சம்பள முறையை மாற்றாமல் அறிவுரை மட்டும் சொல்வது பாதி வேலைதான் என்பது என் கருத்து.

ஏற்றும்போதும் இறக்கும்போதும்

பெட்ரோல் குழாயில் ஓடும்போதே மின்னேற்றம் உண்டாகிறது. ஆகையால் எர்த் கம்பியை மாட்டிய பிறகே குழாயைத் தொட வேண்டும், குழாயைக் கழற்றிய பிறகே கம்பியை எடுக்க வேண்டும். முந்தைய நடையில் பெட்ரோல் ஏற்றிய அறையில் இப்போது டீசல் ஏற்றுவது தனி ஆபத்து. மிச்சமிருக்கும் பெட்ரோல் ஆவி டீசலால் நீர்த்து, தீப்பிடிக்கும் அளவுக்கு வந்து நிற்கும்.

இறக்கும்போது மேலே காற்று உள்ளே வரும் வழி திறந்திருக்கிறதா என்று பாருங்கள். அது மூடியிருக்கக் கீழே பம்பு இழுத்தால், டாங்கிக்குள் வெற்றிடம் உண்டாகிப் பால் டின்னைக் கையால் நசுக்கியது போல டாங்கி உள்ளே சுருங்கிவிடும். நீராவியால் கழுவிவிட்டு மூடியை இறுக்கி மூடியபின் மழை பெய்தாலும் இதேதான் நடக்கும்.

எல்லாவற்றிலும் கொடியது டாங்கிக்குள் இறங்குவது. அடியில் கொஞ்சம் கசடு, ஐந்து நிமிட வேலை என்று இறங்கியவர் மயங்கி விழுகிறார். மூடியருகே நின்ற கெலிண்டான் காப்பாற்றப் பாய்ந்து அவரும் விழுகிறார். செம்பனை ஆலைக் கழிவு அழுகினால் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு உண்டாகிறது. முதலில் அழுகிய முட்டை வாடை வரும். அளவு கூடியதும் மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாது. அதனால் வாடை போய்விட்டது, இனி இறங்கலாம் என்பது தலைகீழான முடிவு. கெட்டியாகாமல் இருக்க ரப்பர் பாலில் அமோனியா கலக்கிறார்கள், அதுவும் மூச்சை அடைக்கும். டாங்கிக்குள் ஆக்சிஜன் 19.5 விழுக்காட்டுக்குக் குறைவாகவோ 23.5க்கு மேலாகவோ இருந்தால் இறங்கக் கூடாது. அதை அளக்கக் கருவி வேண்டும், இறங்குபவருக்குப் பயிற்சிச் சான்று வேண்டும், எழுத்து மூலமான அனுமதி வேண்டும், வெளியே ஒருவர் கயிற்றோடு நிற்க வேண்டும். இவை இல்லாமல் முதலாளி இறங்கச் சொன்னால் மறுப்பது வேலையில் அடம்பிடிப்பதாகாது. மலேசியாவில் மூடிய இடங்களில் வேலை செய்வதற்கான இந்த நடைமுறைகளை வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறை எழுதி வைத்திருக்கிறது.

கழுவிய நீரையும் கழிவையும் எங்கே கொட்டுவது என்பதும் டாங்கி வேலையில் அடக்கம். 2019 மார்ச்சில் ஜொகூர் பாசிர் கூடாங்கில், சுங்கை கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவு கொட்டப்பட்டதால் ஆயிரக்கணக்கானோர் சிகிச்சை பெற்றார்கள், 111 பள்ளிகள் மூடப்பட்டன. நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டவர்களில் லோரி ஓட்டுநரும் ஒருவர்.

கவிழ்ந்துவிட்டால்

2025 ஜனவரி 3 அதிகாலை, கொச்சியிலிருந்து கோயம்புத்தூருக்கு 18 டன் சமையல் எரிவாயு ஏற்றி வந்த டாங்கி அவினாசி சாலை மேம்பாலத்தில் திரும்பும்போது, இழுவை வண்டியிலிருந்து கழன்று கவிழ்ந்தது. வாயு கசிந்தது. தீயணைப்பு வீரர்கள் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே இருந்தார்கள், சாலைகள் மூடப்பட்டன, அருகிலுள்ள பள்ளிகளுக்கு விடுமுறை விடப்பட்டது. பகலில் டாங்கியை நிமிர்த்தி எடுத்துச் சென்றார்கள். உயிர்ச்சேதம் இல்லை. 2012 ஆகஸ்ட் 27 இரவு கேரளாவின் கண்ணூரை அடுத்த சாலாவில் அப்படி அமையவில்லை. சாலைத் தடுப்பில் மோதிய எரிவாயு டாங்கி வெடித்து 20 பேர் இறந்தார்கள். எரிவாயு காற்றைவிடக் கனமானது. தரையோடு ஊர்ந்து சாக்கடைக்குள்ளும் வீட்டுக்குள்ளும் போய், அங்கே எரிகிற அடுப்பைத் தேடிப் பிடிக்கும்.

2017 ஜூன் 25 அன்று பாகிஸ்தானின் பஹாவல்பூர் அருகே கவிழ்ந்த டாங்கியிலிருந்து ஓடிய பெட்ரோலைப் பிடிக்க ஊரே வாளியோடும் பாட்டிலோடும் திரண்டது. தீப்பிடித்ததில் 200க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். நம் ஊரிலும் கவிழ்ந்த லோரியைக் கைப்பேசியில் படம்பிடிக்கக் கூட்டம் கூடுவதைப் பார்க்கிறோம்.

ஆபத்தான பொருள் ஏற்றிய டாங்கியின் பின்னாலும் பக்கத்திலும் ஒரு பலகை இருக்கும். அதில் உள்ள நான்கு இலக்க எண் உலகம் முழுவதும் ஒன்றே: 1203 பெட்ரோல், 1202 டீசல், 1075 சமையல் எரிவாயு, 1830 கந்தக அமிலம், 1005 அமோனியா வாயு. மேலே ஓர் எண்ணும் எழுத்துகளும் இருக்கும், பெட்ரோலுக்கு 3வைஇ. முதலில் உள்ள 3 நுரையால் அணைக்கச் சொல்கிறது, கடைசியில் உள்ள ஆங்கில இ எழுத்து மக்களை அப்புறப்படுத்துவதை யோசிக்கச் சொல்கிறது.

விபத்தைப் பார்த்தால் காற்று வீசும் திசைக்கு எதிர்ப்பக்கமாக, மேடான இடத்துக்கு விலகிப் போங்கள். சிகரெட், எஞ்சின் எதுவும் வேண்டாம். தூரத்திலிருந்து அந்த நான்கு இலக்க எண் தெரிந்தால் குறித்துக்கொண்டு 999ஐ அழையுங்கள். எந்தச் சாலை, எந்தத் திசை, எத்தனையாவது கிலோமீட்டர் கல், பலகையில் என்ன எண், ஓட்டுநர் வெளியே வந்துவிட்டாரா என்று இந்த ஐந்தையும் சொன்னால், கிளம்பும்போதே தீயணைப்பு வண்டியில் தண்ணீர் போதுமா, நுரை வேண்டுமா என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.